கறுப்பனுக்கு ஒரு சட்டை

நவம்பர் 17

பொங்கலுக்கு உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமும் தையல் மிஷின் மேசைக்குள் சும்மா கிடந்தது. வருஷம் முடியப்போகிற நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம், அறுபத்திரண்டு வயதில், முதல்முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து மைக்கில் கத்திக் கத்தியே ஓய்வு பெற்றவர். கோயிலுக்குக் கூட்டிப் போனால் வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருக்கிற ரகம். எதற்கு இந்தத் திடீர் பக்தி என்று கேட்டேன். "தோணிச்சு" என்றார். பழைய டிரைவர்கள், கண்டக்டர்கள் எல்லாம் சேர்ந்து போகிறார்கள். அந்தக் கூட்டுதான் இழுக்கிறது, வேறென்ன.

மலைக்குப் போய்த் திரும்பும் வரை நான் அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும். அவர் என்னை மாளிகைபுரம் என்று கூப்பிட வேண்டும். கல்யாணமான நாள் முதலாக 'ஏளா' என்று கூப்பிட்ட வாய்க்கு அது வரமாட்டேன் என்கிறது. 'மா' என்று ஆரம்பித்து நிறுத்திவிடுகிறார். மாடு என்று முடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

இந்த டைரியில் கோடுகளை ரொம்ப மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். ஓசி டைரி வேறு எப்படி இருக்கும்? எழுத்து மேலும் கீழும் போகிறது.

டிசம்பர் 3

காலையில் காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சற்று நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீதியையும் குடித்தார். நன்றாக இருக்கிறதா என்றேன். "சாமியே சரணம்" என்றார். விரதம் மனுஷனைத் திருத்தத்தான் செய்கிறது. முன்பெல்லாம் சாம்பாரில் பெருங்காயம் ஒரு துணுக்குக் குறைந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்.

என்னிடம் தைத்த ஜாக்கெட்டை டீச்சரம்மா திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கறுப்புத் துணிக்கு நீல நூலில் கை வைத்துத் தைத்திருக்கிறேனாம். மழைக்காலத்துக் கரண்ட், பல்பு மினுங்குகிறது, யாருக்கும் தப்பும். பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

புதிதாக வாங்கிய ஊசிப் பாக்கெட்டில் காதெல்லாம் சின்னதாக இருக்கிறது. பக்கத்துப் போர்ஷன் பல்கீஸ் தினமும் காலையில் வந்து, அன்றைக்கு வேண்டிய ஊசிகளிலெல்லாம் நூல் கோத்துக் குத்திவைத்துவிட்டுப் போகிறாள். சின்ன வயசு, அவளுக்குப் பொழுது போக வேண்டாமா?

டிசம்பர் 12

விடாத மழை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில் துவைக்கிற தொட்டிக்கு அடியில் செவலை நாய் குட்டி போட்டிருந்தது. தண்ணீர் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் எதிரே கட்டி முடிக்காத வீட்டுக்குள் சேர்த்துவிட்டது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. பல்கீஸ்தான் பார்த்தாள்.

"அக்கா, இங்க வாங்களேன். எலிக்குஞ்சு மாதிரி ஒண்ணு கெடக்கு. உசுரு இருக்கு, அசையுது."

பழைய துண்டு ஒன்றைப் போட்டு எடுத்தேன். ஐஸ் கட்டி போல இருந்தது. மழையோடு எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயிடம் விட்டேன். அது மோந்து பார்த்தது, மூக்கால் தள்ளிவிட்டது. மறுபடி வைத்தேன். மற்ற குட்டிகளை அணைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். செவலை அதைக் கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாமி வாசலிலேயே மறித்தார்.

"விரதம் இருக்க வீட்டுக்குள்ள நாயா?"

"குட்டிங்க சாமி. விட்டா செத்துப் போவும்."

"அதத் தொட்டுட்டு அந்தக் கையோட அடுப்பத் தொடுவியாக்கும்? எனக்குப் பூசைக்கு நைவேத்தியம் பண்ணுவியாக்கும்?"

கோபம் வந்தால் சரணம் சொல்ல வேண்டும் என்று குருசாமி சொல்லியிருக்கிறாராம். இன்றைக்கு நிறையச் சொன்னார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். குட்டி தையல் அறையைத் தாண்டக் கூடாது. நான் வெறும் கையால் தொடக் கூடாது, துண்டு போட்டுத்தான் எடுக்க வேண்டும். அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

"மாலை போட்டவன் நான். என் நெழல்கூட அங்க விழாது, பாத்துக்க."

நிழல் விழாமல் இருந்தால் நல்லதுதான். எனக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

டிசம்பர் 13

பிள்ளைக்குப் புகட்டுகிற மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்துப் பாலாடையில் பால் கொடுத்தேன். மூக்கு வழியாக வந்துவிட்டது. பயந்துபோய்த் துண்டோடு ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா சின்னப் பெண். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"குப்புறப் படுக்க வெச்சுதான்மா குடுக்கணும். அதுவும் மொதல்ல ஒடம்பு சூடாவணும், பெறவுதான் பால். குளுந்து கெடக்கற குட்டிக்குப் பால் குடுத்தா செரிக்காது."

ஆட்டுப்பால், மை நிரப்புகிற பில்லர், கண்ணாடிப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிச் சாக்ஸில் போட்டுப் பக்கத்தில் வைப்பது, ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் மூத்திரம் போகும் என்பது — எல்லாம் சொல்லித் தந்தாள். தாய் நக்கிவிடுகிற வேலையைப் பஞ்சு செய்ய வேண்டுமாம்.

பிழைக்குமா என்று கேட்டேன். "தாய் சும்மா ஒதுக்காதும்மா. ஏதாவது கொறை இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். நாளுக்கு நாள் கனம் ஏறினா பொழச்சிரும்" என்றாள்.

கறுப்பன் என்று பெயர் வைத்துவிட்டேன். பெயர் வைத்த பிறகு எப்படிச் சாக விடுவது?

டிசம்பர் 14

குடித்தது. தூங்கியது. குடித்தது.

டிசம்பர் 15

நேற்றைக்கு இன்று கனம் கூடித்தான் இருக்கிறது. துண்டோடு தூக்கும்போதே தெரிகிறது. பில்லர் நுனியை நாக்கால் சுற்றிப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நாய்க்குட்டிக்கு அழுகிறாளே என்று யாரும் பார்க்கவில்லை.

கறுப்பு நூல்கண்டைக் காணோம். மிஷின் பெட்டியைக் கவிழ்த்துத் தேடிவிட்டேன். எலி வேலையாக இருக்கும்.

சாமி இன்றைக்கு மூன்றாவது தடவை குளித்தார். காலைப் பூசைக்கு ஒன்று, மாலைப் பூசைக்கு ஒன்று. நடுவில் மத்தியானம் எதற்கு என்று கேட்டால், "கசகசன்னு இருக்கு" என்கிறார். வெளியே மழை கொட்டுகிறது. கன்னிச்சாமிக்கு ஆர்வம் அதிகம்.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. நூல்கண்டு கிடைத்துவிட்டது. பூஜை அலமாரியில், சூடம் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் எப்போது அங்கே கொண்டுபோய் வைத்தேனோ. மறதி இவ்வளவு ஆகிவிட்டது.

டிசம்பர் 18

கறுப்பன் வயிறு நிறையக் குடித்துவிட்டு மூச்சு வாங்குகிறான். எதிர்வீட்டில் இருக்கிற அவன் அண்ணன் தம்பிகளோடு பார்த்தால் இன்னும் பாதிதான் இருப்பான். ஆனாலும் பல்கீஸ், "தேறிட்டான்க்கா, முதுகு மினுமினுங்குது" என்றாள். அவள் தூரத்தில் நின்றுதான் பார்ப்பாள். அவர்கள் முறைப்படி ஈரத்தோடு நாயைத் தொட்டுவிட்டால் ஏழு தடவை கழுவ வேண்டுமாம், அதில் ஒரு தடவை மண் போட்டு. "எங்க வீட்டுல ஒரு தடவ குளிச்சாப் போதும்" என்றேன். "அப்ப உங்க பாடு லேசு" என்று சிரித்தாள்.

சாமி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அந்தச் சாமி இன்னைக்குக் குடிச்சுதா?" என்று கேட்டார். மாலை போட்டவர்களுக்கு எல்லா உயிரும் சாமிதான். கேட்டுவிட்டு, ஊர்வம்பு கேட்டவர் போலப் போய்விட்டார். இன்றைக்கும் மத்தியானக் குளியல் உண்டு.

அந்தக் கண்ணாடிப் பாட்டில் நல்ல பாட்டில். படுக்கும்போது வெந்நீர் ஊற்றி வைத்தால் விடிந்து நான் எழுந்து பார்க்கும்போதும் சூடாகவே இருக்கிறது. இந்தக் காலத்தில் இப்படிப் பொருள் எங்கே கிடைக்கிறது?

டிசம்பர் 20

காலையில் சரியாகக் குடிக்கவில்லை. இரண்டு மூன்று மடக்கு உறிஞ்சியதும் ஈனமாகக் கத்தினான். பால் சூடோ என்று ஆற்றிக் கொடுத்தேன். அதற்கும் கத்தினான்.

பொங்கல் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றுகூட ஓடவில்லை.

டிசம்பர் 21

பசி இருக்கிறது. பில்லரைக் கண்டதும், கண்டதும் என்ன, கண்தான் திறக்கவில்லையே, வாசம் பட்டதும் தலையை ஆட்டி ஆட்டித் தேடுகிறான். வாயில் வைத்ததும் ஆவலாக இழுக்கிறான். வயிற்றுக்குள் கொஞ்சம் இறங்கியதும் கத்துகிறான். பிறகு தொடுவதில்லை. பசிக்கிற குட்டி ஏன் குடிக்க மாட்டேன் என்கிறது? எதிர்வீட்டுக் குட்டிகள் கண் திறக்க ஆரம்பித்துவிட்டன என்று பல்கீஸ் சொல்கிறாள். இவனுக்கு இன்னும் இல்லை.

டிசம்பர் 22

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொன்னாள். "நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியும்மா. கொண்டாங்க" என்றாள். இன்றைக்கு எப்படிப் போக? நாளை மறுநாள் சாமிக்கு இருமுடி கட்டு. வீட்டிலேயே பஜனை, சாப்பாடு. பாத்திரம் கழுவி, வீடு கழுவி, அரிசி புடைத்து எல்லாம் நான் ஒருத்திதான்.

துண்டோடு தூக்கினால் கனமே இல்லை. துண்டைத் தூக்குகிறேனா, குட்டியைத் தூக்குகிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது.

டிசம்பர் 23

தலையைத் தூக்கவில்லை.

சாமியிடம், "செத்துரும் போல இருக்குங்க சாமி" என்றேன். பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லா உயிரும் சாமி என்றால் இந்த உயிர் மட்டும் என்ன? வாய்க்கு மட்டும்தானா பக்தி?

டிசம்பர் 24

கூட்டம், பஜனை, சாப்பாடு. குருசாமி தேங்காயில் நெய் ஊற்றி அடைத்து இருமுடி கட்டித் தலையில் ஏற்றினார். முடி ஏற்றிய பிறகு போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது, வீட்டைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. சரணம் சொல்லிக்கொண்டே நேராக நடந்து பஸ் ஏறிவிட வேண்டும்.

இவர் திரும்பிப் பார்த்தார். வாசற்படி இறங்கிய பிறகு நின்று, தையல் அறை ஜன்னல் பக்கம் திரும்பினார். "கன்னிச்சாமி, திரும்பாதிய!" என்று குருசாமி அதட்டினார். எதையாவது மறந்துவிட்டாரோ, துண்டையோ மருந்தையோ என்று நான் உள்ளே ஓடினேன். எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார்.

எல்லோரும் போன பிறகு ஆட்டோ கேட்டேன். மழையில் ஒருத்தரும் வரவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரி நேரம் முடிந்துவிட்டது. நாளைக்குக் கிறிஸ்துமஸ், லீவு. கறுப்பன் பஞ்சுப் பெட்டிக்குள் சும்மா கிடக்கிறான். பாட்டில் சீக்கிரமே ஆறிவிட்டது. இதுவரை இப்படி ஆறியதில்லை.

டிசம்பர் 25

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கறுப்பன் உடம்பில் சூடே இல்லை. போகிற உயிர் குளிரிலாவது போகாமல் இருக்கட்டும் என்று ஒரு சட்டை தைக்க நினைத்தேன். டீச்சரம்மாவின் பழைய ஸ்வெட்டர் துண்டு ஒன்று இருந்தது. அளவு எடுக்க வேண்டும். துண்டைத் தேடினேன். பிறகுதான் உறைத்தது, வீட்டில் விரதக்காரர் இல்லை. யாருக்காகத் துண்டு? வெறும் கையால் எடுத்து மடியில் வைத்தேன். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. இவ்வளவு மெத்தென்று இருப்பான் என்று எனக்குத் தெரியாது.

நான் அளவு எடுப்பது டேப்பில் இல்லை. இப்போதெல்லாம் விரலில்தான். முதலில் கழுத்து, பிறகு நெஞ்சு, பிறகு இடுப்பு. நெஞ்சு என் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் சரியாக இருந்தது. அப்படியே கீழே இறங்கினால் இடுப்பு இல்லை. நெஞ்சில் பாதிகூட இல்லை. நடுவில் குழி விழுந்திருந்தது. குழிக்குள் விரல் நுனியை விட்டேன். ஈரமாக இருந்தது. அதற்கும் உள்ளே இறுக்கமாக ஒரு நூல்.

என் மிஷின் நூல் என் விரலுக்குத் தெரியாதா? நான் கட்டை மிதித்துத் தைக்கிற கறுப்பு நூல், இழுத்தாலும் அறாத நூல். அதை நாலாக மடித்துக் கட்டியிருந்தது. முதுகுப் பக்கம் முடிச்சு. அந்த முடிச்சும் தெரியும். பஸ்ஸில் போகிற பார்சல்களுக்கெல்லாம் ஆயுசு முழுக்க அவர் போட்ட முடிச்சு.

பிறந்த பிள்ளைக்குக் கண்ணேறு படாமல் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவோமே, அது. பூஜையில் வைத்துக் கட்டியிருக்கிறார். கட்டிய அன்றைக்கு லூசாகத்தான் இருந்திருக்கும். கறுப்பன் வளர்ந்தான், நூல் வளரவில்லை. வயிற்றில் பால் இறங்க இறங்க அறுத்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. மத்தியானக் குளியல், பூஜை அலமாரியில் நூல்கண்டு, ஆறாத பாட்டில் எல்லாம் சேர்ந்து அப்போது ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. நிழல்கூட விழாது என்றாரே மனுஷன்.

நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். கழற்றிப் பார்த்தேன். கறுப்புக் குட்டி, கறுப்பு நூல், எல்லாம் ஒரே புகை. கத்திரி முனையைக் குழியில் வைத்தேன். கறுப்பன் துடித்தான். நூலில் வைத்தேனா, தோலில் வைத்தேனா தெரியவில்லை. கத்திரியைப் பின்னுக்கு எடுத்துவிட்டேன். எத்தனை ஜாக்கெட் வெட்டிய கை.

கரண்டுக்கும் பல்புக்கும் ஊசிக் காதுக்கும் இனி என்ன பழி சொல்வது? பட்டப்பகல், நல்ல வெயில் வேறு அடித்தது.

குட்டியை எடுத்துக்கொண்டு பல்கீஸ் வாசலுக்குப் போனேன். "பல்கீஸ், இவன் இடுப்புல நூல் இறுகிக் கெடக்கு. அறுக்கணும். எனக்குக் கண்ணு தெரியல" என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியிடம்கூடச் சொல்லவில்லை. கண் போன தையல்காரியிடம் யார் துணி கொடுப்பார்கள் என்று ஒரு பயம். ஆபரேஷன் என்றால் அதைவிடப் பயம்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "தெரியும்க்கா. அதான் தெனமும் வந்து ஊசி கோக்கறேன்" என்றாள்.

"ரத்தம் ஈரம் எல்லாம் இருக்கும்மா. நீ தொடலாமா?"

"உசுர விடவா? தொட்டுட்டுக் கழுவிக்கிடலாம். கத்திரியக் குடுங்க. நீங்க தலையப் புடிச்சுக்கோங்க."

நான் பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல மெல்ல அறுத்தாள். ஒவ்வொரு இழையாக அறும் சத்தம் எனக்குக் கேட்டது. கடைசி இழை அறுந்ததும் கறுப்பன் ஒரு பெருமூச்சு விட்டான். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய மூச்சு. பல்கீஸ் அழுதுவிட்டாள். நானும்தான்.

டாக்டரம்மாவின் போனுக்குச் சொன்னோம். லீவு என்றும் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, புண்ணைக் கழுவி மருந்து போட்டு, ஊசி போட்டாள். "இன்னும் ஒரு நாள் விட்ருந்தா முடிஞ்சிருக்கும்" என்றாள்.

பிறகு கிணற்றடியில் பல்கீஸ் கை கழுவினாள். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். எண்ணிக்கையில் ஒன்று குறையாமல், மண்ணும் போட்டு.

டிசம்பர் 26

குடித்தான். கத்தவில்லை. மறுபடி குடித்தான்.

மலையில் போன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நல்ல வார்த்தை எதுவும் கேட்டிருக்க மாட்டார். வரட்டும். வாய்க்கு வந்ததெல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். சொல்லிக் கட்டியிருந்தால் இரண்டாம் நாளே தளர்த்தியிருக்க மாட்டேனா? தொட மாட்டேன் என்ற வீறாப்பை விட முடியவில்லை, தொடாமலும் இருக்க முடியவில்லை.

ஒன்றை நினைத்தால் கோபம் கொஞ்சம் இறங்குகிறது. நான் அவனைத் துண்டு போட்டுத் தூக்கினேன். அவர் வெறும் கையால் தூக்கியிருக்கிறார். அந்தக் குளிரில் ஒவ்வொரு தடவையும் அதற்காகத் தலை முழுகியிருக்கிறார். ராத்திரி எழுந்து பாட்டிலுக்கு வெந்நீரும் மாற்றியிருக்கிறார்.

டிசம்பர் 27

கறுப்பன் கண் திறந்துவிட்டான். பார்த்தேன் என்று எழுத ஆசைதான். பல்கீஸ் சொன்னாள். ஒரு கண் முழுசாக, ஒரு கண் பாதி, உள்ளே நீலமாக இருக்கிறதாம்.

டிசம்பர் 28

வந்துவிட்டார். கோயிலில் மாலையைக் கழற்றிவிட்டு வந்தார். காலெல்லாம் கொப்புளம். பிரசாதப் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகத் தையல் அறைக்குப் போனார். நான் பின்னால் போய்க் கதவருகே நின்றேன். யோசித்து வைத்த வசவெல்லாம் நுனிநாக்கில் நின்றது.

பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஏலே, இருக்கியாலே?" என்றார். கறுப்பன் முனகினான். இவர் கை நேராக இடுப்புக்குப் போனது. அங்கே கட்டுத்துணி. கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏளா, இங்க என்ன புண்ணு?"

நான் கட்டுத்துணியை ஓரமாக விலக்கிக் காட்டினேன். அவரே சொன்னார்.

"நூலா?"

"ஆமா."

"நாந்தாம்ளா கட்டுனேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லாரும் வந்து வந்து எட்டிப் பாக்காவ, எலிக்குஞ்சுங்காவ, பொழைக்காதுங்காவ. கண்ணு பட்டுருமேன்னு கட்டுனேன். மெலிய மெலிய, கயிறு இருக்கு, காப்பாத்திரும்னுதான் நெனச்சேன். கொல்லப் பாத்துட்டேனே."

அறுபத்திரண்டு வயசு மனுஷன் தேம்பினார். கறுப்பன் அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான், அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு மட்டும் எதற்கு?

"நீங்க கட்டுனது பாதி. நான் பாக்காம விட்டது பாதி" என்றேன். "தெனம் எடுத்து வெக்கிறேன், எனக்குத் தெரியல. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலங்க."

சொல்லிவிட்டுப் பயத்தோடு நின்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்குச் சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுல்லா காப்பி குடுத்த. அதுக்கு முந்தியே தெரியும். தீவாளிக்கு மிஷின்ல விரலக் குத்திக்கிட்டு, எலி கடிச்சுட்டுன்ன. எந்த எலிளா ஊசி மாதிரி கடிக்கும்?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்கிடவா போற? பல்ப மாத்துங்கன்னு சண்டைக்கு வருவ." பிரசாதப் பையைத் திறந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "பின்ன நான் எதுக்கு மாலை போட்டேன்னு நெனச்ச? டிரைவர்களோட பேச்சுக் கேக்கவா?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நவம்பர் மாதத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

"சாமியும் கும்புடலாம், ஆஸ்பத்திரிக்கும் போலாம்" என்றார். "பொங்கல் கழியட்டும். திருநேலிக் கண்ணாஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். கையப் புடிச்சுக்கிடுதேன்."

மாலை போட்டிருந்தபோது என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தாரே, இன்றைக்கு எத்தனை 'ளா' போட்டார்! ஒவ்வொன்றும் கேட்க நன்றாக இருந்தது.

ஜனவரி 24

போன வருஷத்து டைரியின் கடைசி வெற்றுப் பக்கங்களில் எழுதுகிறேன். வலது கண்ணில் ஆபரேஷன் ஆகி, இன்று கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தேன். ஒரு நொடி வேலை. இதற்குப் போய் இவ்வளவு நாள் பயந்தேன்.

இந்த டைரியில் கோடுகள் நன்றாகவே அச்சடித்திருக்கிறார்கள். என் எழுத்துதான் மூன்று வரியைத் தாண்டி மாடுபோல மேய்ந்திருக்கிறது.

கறுப்பன் வாசலிலேயே ஓடிவந்து காலைக் கவ்வினான். அவன் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு காது மடங்கி, ஒரு காது நிமிர்ந்து, ஊரை ஏமாற்றுகிற முகம். புண் ஆறிய இடத்தில் இடுப்பைச் சுற்றி வெள்ளையாக முடி முளைத்திருக்கிறது. வெள்ளி அரைஞாண் போட்ட பிள்ளை மாதிரி இருக்கிறான். அந்த வெள்ளையை இவர் தினமும் தடவித் தடவிப் பார்க்கிறாராம், பல்கீஸ் சொன்னாள். தைக்காமல் விட்ட சட்டை இனி அவனுக்குப் போதாது. பெரிதாக வெட்ட வேண்டும்.

மிஷினைத் துடைக்கக் குனிந்தேன். எத்தனை மாதத்துத் தூசி, எனக்கே வெட்கமாக இருந்தது. அப்போதுதான் பார்த்தேன். மிதிகட்டைக்கு மேலே, மிஷின் காலில், கறுப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. நாலாக மடித்து, பார்சல் முடிச்சு போட்டு. அதன் மேலும் தூசி. விரலில் ஊசி குத்திய தீபாவளிக்குக் கட்டியிருப்பார். தினமும் அந்த நூலுக்குப் பக்கத்தில்தான் காலை வைத்து மிதித்திருக்கிறேன்.

கத்திரியை எடுத்தேன். அடுக்களையிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். கண்ணில் சொட்டு மருந்து விடுகிற வரைக்கும் நான் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, அடுப்பு அவர் பொறுப்பு.

"ஏளா, அத அறுக்கப் போறியா?"

கத்திரியைத் திரும்ப வைத்துவிட்டேன். மிஷின் வளராதே. அது அங்கேயே இருக்கட்டும்.